லெவல் சரியாக இருந்தும் ஆயில் லைட் மினுக்கினால் என்ன அர்த்தம்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: 400 சிசி வகையில் ஒற்றை சிலிண்டர், லிக்விட் கூலிங், பிஎஸ்-6 வண்டி. ஓடியிருப்பது 14,000 கிலோமீட்டர். கடைசியாக 10,000-இல் ஆயில் மாற்றியிருக்கிறீர்கள். வீட்டிலிருந்து ஆபீசுக்கு 4 கிலோமீட்டர், திரும்பி வர 4 கிலோமீட்டர், பெரும்பாலான ஓட்டம் அவ்வளவுதான். போன மாதம் ஒரே நாளில் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஓட்டிப் போயிருக்கிறீர்கள். மறுநாள் பார்த்தால் ஆயில் லெவல் காட்டும் சைட் கிளாஸில் (எஞ்சினில் இருக்கும் சின்னக் கண்ணாடி) ஆயிலே தெரியவில்லை. சர்வீஸ் சென்டரில் 400 மில்லி ஊற்றி, "இந்த வண்டிக்கு இது சகஜம்" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது லெவல் நடுவில் நிற்கிறது. ஆனாலும் வண்டி நன்றாகச் சூடான பிறகு சிக்னலில் நின்றால் ஆயில் லைட் மினுக்குகிறது, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அணைந்துவிடுகிறது. இந்தக் கால எஞ்சின் எல்லாமே இப்படித்தான், விற்றுவிடு என்று நண்பர் சொல்கிறார்.

விற்கலாமா என்று கேள்வியை முடித்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் பதில் தெரிய வேண்டியவை இரண்டு: போன ஆயில் எங்கே போனது, லைட் மினுக்கும் வண்டியை ஓட்டலாமா. இரண்டாவதற்கு உடனே சொல்லிவிடுகிறேன். பிரஷர் எவ்வளவு என்று அளந்து பார்க்கும் வரை ஓட்டாதீர்கள். ஆபீசுக்கு 4 கிலோமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். பிரஷர் கேஜ் வைக்கத் தெரிந்த மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள்.

அந்த லைட் ஆயில் அளவைக் காட்டுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சில மாடல்களில் லெவல் சென்சார் உண்டு, உண்மைதான். ஆனால் ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் எஞ்சின் ஓடும்போது, எரிந்து ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் அணைவது பிரஷர் சுவிட்சின் குணம். பெரும்பாலான பிரஷர் சுவிட்சுகள், பிரஷர் 0.2 முதல் 0.5 பார் (பிரஷரை அளக்கும் அலகு) அளவுக்கு இறங்கினால்தான் லைட்டை எரியவைக்கும். ஓட்டத்தில் 4, 5 பார் இருக்க வேண்டிய எஞ்சினில்கூட பிரஷர் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிய பிறகுதான் லைட் வாயைத் திறக்கும். அது முன்னெச்சரிக்கை தரும் கருவியே இல்லை. 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் அந்த லைட்டும் கிடையாது, டிப்ஸ்டிக் ஒன்றுதான் கதி.

லெவல் சரியாக இருக்கும்போது சூடான ஐடிலிங்கில் பிரஷர் குறைய சில காரணங்களே உண்டு. ஆயில் நீர்த்துப்போயிருக்கலாம். ஐடிலிங் ஆர்பிஎம் குறைவாக இருக்கலாம். பம்ப்புக்கு முன்னால் இருக்கும் சல்லடை அடைத்திருக்கலாம். மிஞ்சும் பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வில் தூசு சிக்கி அது முழுதாக மூடாமல் நிற்கலாம். பம்ப் தேய்ந்திருக்கலாம். பேரிங்கிலோ, சிலிண்டர் ஹெட்டில் வால்வுகளைத் திறக்கும் கேம் சுழலும் இடத்திலோ இடைவெளி கூடியிருக்கலாம். அல்லது சுவிட்சே பழுதாகியிருக்கலாம். இதில் முதலாவதும் கடைசியும் சில நூறு முதல் ஒன்றிரண்டாயிரம் ரூபாயில் முடிகிற வேலை. பேரிங் என்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். சென்னைப் பயணத்தில் ஆயில் குறைந்த நிலையிலேயே எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதுதான் நம் முன் இருக்கும் பெரிய கேள்வி. நெடுஞ்சாலை வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஆயில் முன்பக்கம் ஓடும். குறைவாக இருந்தால் பம்ப்பின் வாய் நொடி நேரம் காற்றை உறிஞ்சும். அப்படி நடந்ததா இல்லையா என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. அளந்தால் தெரியும்.

அளப்பது இப்படி. பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் 0 முதல் 10 பார் வரை காட்டும் கேஜை அடாப்டரோடு மாட்ட வேண்டும். ஜப்பானிய வண்டிகளில் அது பெரும்பாலும் 1/8 இன்ச் டேப்பர் (நுனி குறுகும்) மரை. வேறு மரையைத் திணித்தால் அலுமினியம் கேஸ் கெட்டுவிடும், ஆகவே சுவிட்சைக் கையில் வைத்துக்கொண்டே அடாப்டர் வாங்குங்கள். ஆயில் 80 டிகிரிக்கு மேல் சூடாகட்டும். ஐடிலிங்கில் ஒரு அளவும், சர்வீஸ் மேனுவல் சொல்லும் ஆர்பிஎம்மில் ஒரு அளவும் எடுங்கள். ஐடிலிங்கில் மட்டும் குறைந்து ஆர்பிஎம் ஏற ஏற சரியாகிவிட்டால் ஆயில் நீர்த்திருக்கிறது, அல்லது பேரிங் இடைவெளி கூடியிருக்கிறது. இரண்டிலும் குறைந்தால் சல்லடை, ரிலீஃப் வால்வு, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் பம்ப் காற்றை இழுக்கிறது. கேஜ் சரியான அளவைக் காட்டும்போதும் லைட் எரிகிறது என்றால் குற்றவாளி சுவிட்ச். அதன் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே ஆயில் கசிந்து நிற்பதையும் பார்க்கலாம். கேஜ் வைக்காமல் சுவிட்சை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தப்பு. புது சுவிட்ச் கொஞ்சம் குறைந்த பிரஷரில் வேலை செய்யக்கூடியதாக இருந்தால் லைட் அணைந்துவிடும், நோய் அப்படியே இருக்கும்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். எல்லா எஞ்சினுக்கும் ஒரே அளவு பொருந்தாது. கிராங்க் முழுக்க பால், ரோலர் பேரிங்கில் சுழலும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு அதிக பிரஷர் தேவையில்லை, ஆயில் ஓட்டம் இருந்தால் போதும். கனெக்டிங் ராடில் குண்டோ உருளையோ இல்லாத பிளெயின் பேரிங் வைத்த எஞ்சினை ஆயில் படலம்தான் தாங்கி நிறுத்துகிறது, அங்கே பிரஷர் உயிர்நாடி. அதனால் வேறு வண்டியின் எண்ணை வைத்து உங்கள் வண்டியைத் தீர்மானிக்காதீர்கள்.

இனி, ஆயில் எங்கே போனது. உங்கள் ஓட்டத்தைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் பெட்ரோல் கலப்பு. 4 கிலோமீட்டரில் கூலன்ட் சூடாகிவிடும், ஆயில் சூடாகாது. குளிர்ந்த எஞ்சினுக்கு இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூடுதலாகவே கொடுக்கும். அதில் எரியாத பகுதி சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி கீழே இறங்கும். எரிந்ததில் உண்டாகும் நீராவியும் எஞ்சினின் அடி அறையான கிராங்க்கேஸில் குளிர்ந்து தண்ணீராக நிற்கும். தினமும் இப்படியே நடந்தால் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய, அந்த இடத்தைப் பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொண்டே வரும். சைட் கிளாஸில் லெவல் மாறாமல் நிற்கும். பிறகு ஒரு நாள் ஐந்தாறு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறீர்கள். ஆயில் 100 டிகிரியைத் தொட்டதும் கலந்திருந்தவை ஆவியாகி பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் இருக்கும் ஏர்பாக்ஸுக்குப் போய் எரிந்துவிடும். மறுநாள் பார்த்தால் ஒரே பயணத்தில் வண்டி ஆயில் குடித்துவிட்டது போலத் தெரியும். உண்மையில் ஆயில் பல மாதமாகக் குறைந்துகொண்டிருந்தது, அன்றைக்குத்தான் திரை விலகியது.

இப்படி நடப்பது உறுதியான விஷயம். உங்கள் 400 மில்லியில் எத்தனை மில்லி இந்த வழியில் போனது என்பது உறுதியில்லை. ஒரு சின்ன சோதனை: இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் பளிச்சென்று அடித்தால் கலப்பு இருக்கிறது. லெவல் மேல்கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் ஆயிலை லேபுக்கு அனுப்பலாம். டிரெயின் செய்யும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வரும் 100 மில்லியைச் சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். 100 டிகிரியில் விஸ்காசிட்டி (ஆயிலின் கெட்டித்தன்மை, அலகு சென்டிஸ்டோக்), பெட்ரோல் சதவீதம், இரும்பு, அலுமினியம், செம்பு, சிலிக்கான் ஆகியவற்றைக் கேளுங்கள். 50 கிரேடு ஆயில் 100 டிகிரியில் 16.3 சென்டிஸ்டோக்குக்குக் குறையக்கூடாது, 40 கிரேடு 12.5-க்குக் குறையக்கூடாது. நீங்கள் ஊற்றிய 50 கிரேடு ஆயில் 12 என்று வந்தால், கடையில் 30 கிரேடு வாங்கி ஊற்றியதற்குச் சமம். சூடான ஐடிலிங்கில் லைட் மினுக்க அதுவே போதும்.

பெட்ரோல் கலக்காவிட்டாலும் பைக்கில் ஆயில் நீர்த்துப்போகும். காரில் எஞ்சினுக்குத் தனி ஆயில், கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். நம் வண்டியில் ஒன்றே முக்கால் லிட்டர் ஆயில் பிஸ்டன், கேம், கிளட்ச், கியர் நான்கையும் பார்த்துக்கொள்கிறது. சூட்டில் ஆயில் நீர்த்துவிடாமல் காப்பது அதில் சேர்த்த நீண்ட பாலிமர் இழைகள். கியர் பற்களுக்கு நடுவில் அவை நசுங்கி அறுந்துபோகும். கியர் மாற்றுவது முன்னைவிடக் கரகரப்பாக இருக்கிறது, நியூட்ரல் விழ மறுக்கிறது என்றால் ஆயில் களைத்துவிட்டதற்கான நல்ல அடையாளம். அந்த 400 மில்லியாக என்ன ஆயிலை ஊற்றினார்கள் என்றும் கேளுங்கள். கையேட்டில் 15டபிள்யூ-50 போட்டிருக்க, கையில் இருந்த 10டபிள்யூ-30-ஐ ஊற்றியிருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும். கிளட்ச் ஆயிலில் நனையும் வண்டிக்கு ஜாசோ (JASO) என்ற ஜப்பானியத் தரத்தின் எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை கட்டாயம். எம்பி (MB) என்றிருப்பது ஸ்கூட்டருக்கு. எரிபொருள் சிக்கனத்துக்கென்று வரும் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள், பைக்கில் ஊற்றினால் கிளட்ச் நழுவும்.

ஆகவே கேஜ் வைத்த கையோடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். மாற்றுவதைவிட முக்கியம், வெளியே வருவதைப் பார்ப்பது. வெயிலில் நின்று, வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஆயிலை ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். டிரெயின் போல்ட் காந்தத்தில் மை போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம், விரலில் தேய்த்தால் துகள் தட்டுப்படாது. நகக்கண்ணில் சிக்கும் அளவுக்குச் செதில் இருந்தால் அது வேறு கதை. ஃபில்டரின் காகித மடிப்பை பிளேடால் வெட்டி, விரித்து, பிழிந்து பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுமினுப்பு அலுமினியம், பிஸ்டனிலிருந்தோ ஹெட்டில் கேம் உட்காரும் இடத்திலிருந்தோ வருவது. செம்பு நிறத் துகள் புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) அல்லது பேரிங். கறுத்த நார்த்துணுக்கு கிளட்ச் பிளேட். ரப்பர் போல இழுபடும் சாம்பல் துண்டு, யாரோ கவரை மாட்டும்போது அள்ளிப் பூசிய சிலிகான் கேஸ்கெட். அந்தத் துண்டுதான் போய் சல்லடையில் உட்கார்ந்து பம்ப்பின் மூச்சை அடைக்கும். பம்ப்பும் ரிலீஃப் வால்வும் தானாகக் கெடுவது அரிது. பெரும்பாலும் இப்படி யாரோ விட்ட தூசுதான் கெடுக்கிறது.

திரும்ப மாட்டும்போது நடக்கும் தவறுகளும் சில உண்டு. காகித கார்ட்ரிட்ஜ் ஃபில்டரில் எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டும் என்பதைப் பார்க்காமல் திருப்பி மாட்டிவிட்டால் சில எஞ்சின்களில் ஆயில் போகும் வழியே அடைபடும், வேறு சிலவற்றில் ஆயில் வடிகட்டப்படாமல் சுற்றும். கவரின் வெளி ஓ-ரிங்கை மாற்றிவிட்டு உள்ளே இருக்கும் சின்ன ஓ-ரிங்கை மறந்துவிடுவது இன்னொன்று. வெளியே சொட்டுக்கூடக் கசியாது, உள்ளே பிரஷர் இறங்கும். டிரெயின் போல்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர் போட்டு, மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்குங்கள். கையேட்டில் ஆயில் அளவு மூன்று விதமாக இருக்கும்: ஆயில் மட்டும் மாற்றினால் ஒன்று, ஃபில்டரோடு மாற்றினால் ஒன்று, எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் ஒன்று. மூன்றாவதை எடுத்து ஊற்றினால் மிஞ்சும் ஆயில் ஏர்பாக்ஸில் போய் நிற்கும். முதலாவதை எடுத்தால் குறையும். உங்கள் 10,000 கிலோமீட்டர் சர்வீஸிலேயே குறைவாக ஊற்றப்பட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது, பில்லில் எத்தனை மில்லி என்று பாருங்கள். ஊற்றி முடித்து ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகளில் லைட் அணைய வேண்டும். அணையாவிட்டால் ரேஸ் செய்து பார்க்காமல் உடனே நிறுத்துங்கள்.

லெவல் பார்ப்பதிலேயே பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் சைட் கிளாஸைப் பார்ப்பதில் பயனில்லை. 3 முதல் 5 நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, 2, 3 நிமிடம் காத்திருந்து, சமதரையில் இன்னொருவரை வண்டியை நேராகப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். டிப்ஸ்டிக் உள்ள வண்டிகளில் திருகி முடுக்கிப் பார்க்க வேண்டுமா, சும்மா வைத்து எடுக்க வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். எதுவானாலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பாருங்கள். கண்ணாடியில் காபி நிறத்தில் நுரை தெரிந்தால் பயந்துவிடாதீர்கள், மழைக்காலத்தில் குறுகிய ஓட்டத்துக்கு அது வரும், ஒரு மணி நேரம் ஓட்டினால் போய்விடும். போகாவிட்டால் கூலன்ட் குறைகிறதா என்றும், வாட்டர் பம்ப்புக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புது ஆயில் ஊற்றிய பிறகுதான் வண்டி உண்மையில் ஆயில் குடிக்கிறதா என்று கணக்குப் பார்க்க முடியும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை லெவலைப் பார்த்து, ஊற்றும் ஒவ்வொரு மில்லியையும் தேதியோடும் ஓடோமீட்டர் எண்ணோடும் எழுதுங்கள். 1000 கிலோமீட்டருக்கு 100 மில்லிக்குள் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 300 மில்லியைத் தாண்டினால் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். இது அனுபவக் கணக்கு, உங்கள் கம்பெனி வைத்திருக்கும் வரம்பு வேறாக இருக்கலாம், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "புகை வரவில்லை, ஆகவே ஆயில் எரியவில்லை" என்று சொல்வார்கள். பிஎஸ்-6 வண்டிக்கு அந்த வாதம் செல்லாது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடாக இருக்கும்போது கொஞ்சம் ஆயில் புகையை விழுங்கிவிடும், விழுங்கி விழுங்கி அதுவும் கெடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், எலெக்ட்ரோடில் கெட்டியான சாம்பல் படிந்திருந்தால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு வீச்சு நீலப்புகை வந்து நின்றால் வால்வு சீல். இழுவையில் புகைத்தால் ரிங்.

ரிங் சந்தேகம் வந்தால் கம்ப்ரெஷன் கேஜை மட்டும் நம்பாதீர்கள். இந்த வகை எஞ்சின்கள் பலவற்றில் கேமில் ஆட்டோ டிகம்ப்ரெஷன் இருக்கிறது. ஸ்டார்ட்டரில் சுற்றும்போது அது வால்வை லேசாகத் திறந்துவைப்பதால் நல்ல எஞ்சினும் குறைவாகவே காட்டும். லீக்-டவுன் சோதனைதான் சரி. பிஸ்டனை கம்ப்ரெஷன் உச்சியில் நிறுத்தி, பிளக் ஓட்டையில் காற்று கொடுத்து, எவ்வளவு கசிகிறது என்று பாருங்கள். 10 சதவீதத்துக்குள் நல்லது, 20-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. ஆயில் மூடியில் காதை வைத்தால் கேட்கும் சீறல் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

நண்பர் சொன்னதற்கு வருகிறேன். பழைய எஞ்சின் எல்லாம் பாறை, புதியதெல்லாம் பலவீனம் என்பது உண்மையில்லை. திருவொற்றியூரில் தயாரான பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் ஆயில் தனி அறையில் இருக்கும், அனுப்ப ஒரு பம்ப், திரும்ப இழுக்க ஒரு பம்ப். சில வாரம் நிறுத்திவைத்தால் ஆயில் கிராங்க் அறைக்குள் இறங்கி, ஸ்டார்ட் செய்ததும் பிரீதர் வழியாகக் கக்கும். 1980-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா விஎஃப்750 எஞ்சின்கள் கேம் அரித்துப்போய்ப் பெயர் கெட்டன. 1986-இல் வந்த விஎஃப்ஆர்750-இல் கேமை கியரால் ஓட்டும் அமைப்பையே கொண்டுவந்தார்கள். மாறியிருப்பது வேறு. இன்றைய எஞ்சின் சிறிய அளவு ஆயிலை அதிகச் சூட்டில் அதிக ஆர்பிஎம்மில் வேலை வாங்குகிறது. பல எஞ்சின்களில் கேம் அலுமினியம் ஹெட்டிலேயே நேராகச் சுழல்கிறது, தனி புஷ் இல்லை, ஒருமுறை காய்ந்துபோனால் ஹெட்டையே மாற்ற வேண்டும். உராய்வைக் குறைக்க மெல்லிய ரிங்குகள். பொறுத்துப்போகும் குணம் குறைந்துவிட்டது என்று சொல்லலாம், அது நியாயம். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் எல்லா ஆயிலையும் கெடுக்கிறது என்பதை மட்டும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். எத்தனால் குளிரில் எளிதில் ஆவியாகாது, தண்ணீரோடு சேரும், ஆகவே 4 கிலோமீட்டர் ஓட்டத்தில் கலப்பைக் கூட்டும் என்பது சரி. முழுச் சூட்டில் ஓடும் வண்டிக்கு அந்தப் பயம் வெகுவாகக் குறைவு.

உங்கள் விஷயத்தில் கேஜும் சரி, ஃபில்டரும் சுத்தம், புது ஆயிலில் லைட்டும் அணைந்துவிட்டது என்றால் விற்க எந்தக் காரணமும் இல்லை. ஆயில் மாற்றும் இடைவெளியை 3000 கிலோமீட்டர் அல்லது 6 மாதமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒரு நாள் 40 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். புது ஆயிலிலும் ஐடிலிங் பிரஷர் குறைவாகவே இருந்து, ஃபில்டரில் அலுமினியமோ செம்போ தெரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் வாரன்டியில் கொண்டுபோய் விடுங்கள். ஊற்றிய 400 மில்லி, லைட் மினுக்குவது, கேஜ் காட்டிய எண், மூன்றையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வெட்டிய ஃபில்டரையும் ஆயில் சாம்பிளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மூடி போட்ட டப்பாவில் தேதி எழுதி வையுங்கள். கேஜ் எண்கள் கிடைத்ததும் ஆர்பிஎம், ஆயில் சூடு, ஊற்றிய ஆயிலின் கிரேடு ஆகியவற்றோடு இங்கே போடுங்கள், அடுத்து எதைத் திறக்க வேண்டும் என்று அப்போது சொல்கிறேன்.